ராக்கி வந்த வழி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் ஒரு டீக்கடை வாசலில் நின்று "ராக்கி" என்று குரல் கொடுத்துப் பாருங்கள். எங்கேயாவது ஒரு நாய் தலையைத் தூக்கும். மணி, கருப்பன், செவலை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஊர்களில் முதலில் டைகரும் டாமியும் ஜிம்மியும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்து, இன்று அவர்களையும் முந்தி நிற்கிறவன் ராக்கி. பெயர் வைத்தவர்களைக் கேட்டால் இங்கிலீஷ் பெயர் என்பார்கள். ராக்கி இத்தாலியப் பெயர். அதிலும், நாய்களுக்குப் பாதுகாவலர் என்று கத்தோலிக்கர்கள் வணங்கும் ஒரு புனிதருடைய பெயர். ஏறத்தாழ அறுநூறு எழுநூறு ஆண்டுகள் மனிதர்களிடம் சுற்றிவிட்டு, நம் ஊரில் அது மறுபடியும் நாயிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பயணத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

புனிதரின் பெயர் இத்தாலிய மொழியில் சான் ரோக்கோ. பிறந்தது பிரான்சின் மோன்பெலியே நகரம் என்றும், காலம் 14ஆம் நூற்றாண்டு என்றும் மரபு சொல்கிறது. வசதியான குடும்பம். பெற்றோர் இறந்ததும் சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு ரோமாபுரிக்கு யாத்திரை புறப்பட்டார். வழியெல்லாம் கொள்ளைநோய். ஊர் ஊராக நின்று நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவருக்கு, பியாசென்சா என்ற ஊரில் அதே நோய் தொற்றியது. தொடையில் கட்டி. தன்னால் பிறருக்குப் பரவக் கூடாது என்று ஊரைவிட்டு விலகிக் காட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார். அங்கேதான் நாய் வருகிறது. பக்கத்தில் இருந்த ஒரு பிரபுவின் வேட்டை நாய், எஜமானின் சாப்பாட்டு மேசையிலிருந்து தினமும் ஒரு ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு வந்து அவருக்குக் கொடுத்தது, புண்ணையும் நக்கியது. நாய் எங்கே போகிறது என்று ஒருநாள் பின்தொடர்ந்து வந்த பிரபு அவரைக் கண்டுபிடித்தார். நோயும் குணமானது.

இது பக்திக் கதை; எவ்வளவு நடந்தது, எவ்வளவு சேர்ந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது. அந்தக் கதை செய்த வேலை மட்டும் வரலாறு. கொள்ளைநோய் திரும்பத் திரும்ப வந்த ஐரோப்பாவில் ரோக்கோவின் சிலை இல்லாத ஊர் குறைவு. எந்தச் சிலையைப் பார்த்தாலும் ஒரே அமைப்புதான்: ஒரு கையில் யாத்திரைக் கோல், அங்கியைச் சற்று விலக்கித் தொடைப் புண்ணைக் காட்டும் மறுகை, காலடியில் ரொட்டியைக் கவ்விய நாய். வெனிஸ் நகரத்தில் 1478இல் அவர் பெயரில் ஒரு சபை தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அவருடைய எலும்புகளையும் அங்கே கொண்டுவந்தார்கள். அந்தச் சபையின் மண்டபத்துக்குள் தின்தொரெத்தோ என்ற ஓவியர் 1564 முதல் இருபதாண்டுகளுக்கு மேல் வரைந்த படங்களைப் பார்க்க இன்றும் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையிலும் அதே புனிதருக்கு ஓர் ஆலயம் இருக்கிறது. அவர் திருநாள் ஆகஸ்ட் 16.

தெற்கு இத்தாலியின் கிராமங்களில் பையன்களுக்கு ரோக்கோ என்று பெயர் வைப்பது, நம் பக்கத்தில் முருகன் என்று வைப்பது போன்ற இயல்பான காரியம். 1880க்கும் 1924க்கும் நடுவில் ஏறத்தாழ நாற்பது லட்சம் இத்தாலியர்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். பெட்டியில் புனிதர் படமும் போனது. பிள்ளைகளின் பெயராக ரோக்கோவும் போனார். அமெரிக்கப் பள்ளிக்கூட வாத்தியார் வாயில் நுழையாத பெயர்களெல்லாம் வெட்டுப்பட்ட காலம் அது. ரோக்கோவுக்கு நேர்ந்ததும் அதுதான். தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் வாயில் ரோக்கோ சுருங்கி ராக்கி ஆனது. ஆங்கிலத்தில் பாறை என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொள்ள, குத்துச்சண்டைக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு கிடைக்கவில்லை.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன், செருப்புத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அங்கே 1923 செப்டம்பர் 1 அன்று, இத்தாலியிலிருந்து வந்த ஒரு செருப்புத் தொழிலாளியின் வீட்டில் பிறந்த பிள்ளை ரோக்கோ ஃபிரான்சிஸ் மார்க்கெஜானோ. வளர்ந்து குத்துச்சண்டைக்கு வந்தபோது, மேடையில் பெயர் வாசிக்கிறவருக்கு 'மார்க்கெஜானோ' வரவில்லை. மார்சியானோ என்று சுருக்கினார்கள். அப்படித்தான் ராக்கி மார்சியானோ உருவானார். 1952இல் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றார். 1956இல் ஓய்வு பெறும்போது தொழில்முறைப் போட்டிகள் 49, நாற்பத்தொன்பதிலும் வெற்றி. ஒரு தோல்விகூட இல்லாமல் போன ஹெவிவெயிட் சாம்பியன் என்ற பெருமை அவருக்கு நிலைத்தது. 1969 ஆகஸ்ட் 31 அன்று, 46 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில், விமான விபத்தில் இறந்தார்.

அடுத்த கையும் இத்தாலியக் கைதான். சில்வெஸ்டர் ஸ்டலோனின் தகப்பனார் இத்தாலியின் புலியா பகுதியில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர். கையில் காசில்லாமல் வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் ஸ்டலோன் தான் வளர்த்த பட்கஸ் என்ற நாயை விற்க வேண்டியதாயிற்று. திரைக்கதை விலைபோனதும் பெரும் விலை கொடுத்து அதைத் திரும்ப வாங்கினார். இதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். அந்தத் திரைக்கதைதான் 1976இல் வந்த 'ராக்கி'. பட்கஸும் அதில் நடித்தது. படத்தில் நாயகன் ராக்கி பல்போவாவின் அறைச் சுவரில் மார்சியானோவின் படம் ஒட்டியிருக்கும். உலக சாம்பியனோடு மோதும் வாய்ப்பு அவனுக்கு எப்படிக் கிடைக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். சாம்பியன், உள்ளூர்ச் சண்டைக்காரர்களின் பெயர்ப் பட்டியலைப் புரட்டுகிறான். 'இத்தாலியக் குதிரை' என்ற பட்டப்பெயர் கண்ணில் படுகிறது. இவனே போதும் என்கிறான். இத்தாலியப் பெயர் என்பதற்காகவே ஒருவனைத் தேர்ந்தெடுக்கும் கதை அது. அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் அதற்குத்தான் கிடைத்தது.

பிறகு பெயருக்குக் கால் முளைத்துவிட்டது. இந்தியில் 1981இல் சஞ்சய் தத் அறிமுகமான படத்துக்குப் பெயர் ராக்கி. ஸ்டலோன் படங்கள் வீடியோ கேசட்டில் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் வரை வந்தன. டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய ஓட்டிய தலைமுறைக்கு அந்தப் பெயர் பழகியது. 2018இல் 'கேஜிஎஃப்' வந்தபோது நாயகன் பெயர் மறுபடி ராக்கி. 2022இல் இரண்டாம் பாகம். அதற்குப் பிறகு பிறந்த நாய்க்குட்டிகள் எத்தனைக்கு ராக்கி என்று பெயர் வைத்தார்கள் என்பதை எண்ண ஆள் போட வேண்டும்.

இத்தாலியிலிருந்து நேராக வந்திருந்தால் இந்தப் பெயர் நம்மிடம் 'ரோ'வில் தொடங்கியிருக்கும். அமெரிக்க வாய் வழியாக வந்ததால்தான் 'ரா' ஆயிற்று. நேராக இத்தாலியிலிருந்து நம் பக்கத்துக்கு வந்த பெயர்களின் கதை வேறு. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போகும் வழியில், மாவட்ட எல்லையைத் தாண்டியதும் கோணான்குப்பம். சேலை உடுத்திய பெரியநாயகி மாதாவின் ஆலயம் இருக்கும் ஊர். அந்த ஆலயத்தை எழுப்பியவர் வடக்கு இத்தாலியில் 1680இல் பிறந்து 1710இல் இந்தியா வந்த கோஸ்தான்சோ பெஸ்கி. இங்கே வந்ததும் அவர் தன் பெயரைத்தான் முதலில் மாற்றிக்கொண்டார். தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். பின்னால் வீரமாமுனிவர் ஆனார். குறிலையும் நெடிலையும் பிரித்தறிய முடியாமல் இருந்த எகர ஒகர எழுத்துகளுக்கு இன்று நாம் எழுதும் வடிவத்தைத் தந்தவர் அவர்தான். ரோக்கோ என்ற பெயரை இன்று தமிழில் பிழையில்லாமல் எழுத ஓர் இத்தாலியர் வகுத்த இரட்டைக் கொம்பு உதவுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

ராக்கி மட்டும்தான் வந்தான் என்றில்லை. வெள்ளைக்காரத் துரைகளின் பங்களா நாய்களோடு சீசர் வந்தது. அது ரோமாபுரியின் பெயர். புரூனோ இத்தாலியில் சர்வ சாதாரணம். கென்னத் ஆண்டர்சன் எழுதிய கரடிக் கதை முன்பு சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்புப் பாடமாக இருந்தது. அவர் மனைவி வளர்த்த அந்தக் கரடிக்கு முதலில் வைத்த பெயர் புரூனோ. 2021 ஜூனில் திருவனந்தபுரம் அடிமலத்துறைக் கடற்கரையில் அடித்துக் கொல்லப்பட்ட லேப்ரடார் நாயின் பெயரும் புரூனோதான். அந்தக் கொலையைக் கேள்விப்பட்டுக் கேரள உயர் நீதிமன்றம் தானாகவே எடுத்த வழக்குக்கு அந்த நாயின் பெயரையே சூட்டியது. நீதிமன்றப் பதிவேட்டில் ஒரு நாயின் பெயர் ஏறியது சின்ன விஷயமல்ல.

இதையெல்லாம் நான் கோத்துப் பார்க்கக் காரணம் என் தம்பி மகன். கல்லூரி முதலாண்டு. கள்ளக்குறிச்சியில் அவர்கள் வீட்டுக்கு ஒரு மாலை போனபோது, ஹாலில் டேபிள் ஃபேனுக்கு நேர் எதிரே ஒரு ஹஸ்கி குட்டி வயிற்றைத் தரையில் அப்பிக்கொண்டு, நான்கு காலையும் பரப்பிக் கிடந்தது. ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு. அழகில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

"பெரியப்பா, இதுக்கு ஒரு நல்ல இத்தாலிப் பேரா சொல்லுங்க."

"எதுக்குடா இத்தாலி?"

"டாமி, டைகர்னு வெச்சா இதுக்கு ஒட்டுமா? இது ஹஸ்கி பெரியப்பா. பேரும் வெளிநாடா இருக்கட்டும். இங்கிலீஷ் பேரு எல்லாருமே வெக்கிறாங்க."

உள்ளேயிருந்து தம்பி குரல் கொடுத்தான்: "அண்ணே, இவன் போனைப் பாத்துப் பாத்து நூறு பேரு எழுதி வெச்சிருக்கான். நாயி இன்னும் பேரு இல்லாமயே கெடக்குது."

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். பையன் கருத்தாகத்தான் செய்திருந்தான். லூக்கா, என்சோ, நீரோ, தாந்தே, மார்க்கோ, புரூனோ, ரோக்கோ. பெண் குட்டி என்றால் பெல்லா, ஸ்டெல்லா, பியாங்கா என்று தனியாக ஒரு பத்தி. படிக்கப் படிக்க ஒன்று புலப்பட்டது. இத்தாலியப் பெயர்கள் தமிழ் வாய்க்கு மிக இசைவானவை. பெரும்பாலும் உயிரொலியில் முடிகின்றன. நம்மால் இழுத்துக் கூப்பிட முடியும். கரும்புக் காட்டின் அந்தக் கோடியில் நிற்கும் நாயை 'ஜேக்' என்று கூப்பிட்டால் குரல் அங்கேயே அறுந்துவிடும். 'ரோக்கோஓ' என்றால் வரப்பைத் தாண்டிப் போகும். மணியை மணீஇ என்று நீட்டுகிறோமே, அந்த வசதி. பிறகு அந்த இரட்டை மெய்கள்: ரோக்கோவின் க்க, பெல்லாவின் ல்ல. அக்கா, பல்லி என்று வளர்ந்த நாக்குக்கு அது சொந்த ஒலி. ஆங்கிலேயரைவிட நாம் அந்தப் பெயர்களைச் சரியாகச் சொல்வோம்.

நாய் பழக்குகிறவர்கள் சொல்லும் விதிகளும் உண்டு. பெயர் இரண்டு அசைக்கு மேல் போகக் கூடாது. க, ட போன்ற வல்லோசை இருந்தால் நாயின் காதுக்குச் சட்டென எட்டும். வீட்டில் வேறு யாரையாவது கூப்பிடும் பெயரோடு குழம்பக் கூடாது. முக்கியமாக, கட்டளைச் சொல்லின் சாயல் வேண்டாம். நம் வீடுகளில் நாயை அதட்டுவது 'நோ' என்று சொல்லித்தான். புரூனோ அந்த ஒலியில் முடிகிறது. கூப்பிடுகிறார்களா, திட்டுகிறார்களா என்று குட்டிக்கு ஆரம்பத்தில் குழப்பமாக இருக்கும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் நின்றது ரோக்கோ. காட்டில் கிடந்தவருக்கு நாய் ரொட்டி கொண்டுவந்த கதையைச் சொன்னேன். பையனுக்குப் பிடித்துவிட்டது. "ராக்கின்னு நூறு நாய் இருக்கு. ரோக்கோன்னு நம்ம ஊர்ல ஒண்ணுகூட இருக்காது பெரியப்பா" என்றான். குட்டிக்கு ரோக்கோ என்று பெயரானது.

ஹஸ்கிகளுக்கு ஊர் விட்டு ஊர் வந்த பெயர் புதிதல்ல. சைபீரியாவின் கிழக்குக் கோடியில் சுக்சி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய் இது. 1908 வாக்கில் வியாபாரிகள் சிலவற்றைப் பெரிங் நீரிணை தாண்டி அலாஸ்காவின் நோம் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1925 ஜனவரியில் நோமில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்து ரயிலில் நெனானா வரைதான் வரும், அதற்கப்பால் பனிக்காடு. 20 வண்டிக்காரர்களும் ஏறத்தாழ 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி 674 மைல் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து பிப்ரவரி 2 அன்று மருந்தைச் சேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தில் முன்னால் ஓடிய நாய் பால்ட்டோ. அதற்கு அதே ஆண்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை வைத்தார்கள். மிக நீளமான, மிக ஆபத்தான கட்டத்தில் ஓடியது டோகோ. பால்ட்டோ என்பது கிரீன்லாந்தைக் கடந்த பயணக் குழுவில் இருந்த சாமி இனத்தவர் ஒருவரின் பெயர். டோகோ, ரஷ்யக் கடற்படையைத் தோற்கடித்த ஜப்பானிய அட்மிரலின் பெயர். சைபீரிய நாய்க்கு ஜப்பானியப் பெயர் வைத்து அலாஸ்காவில் கூப்பிட்டார்கள்.

இத்தாலியப் பெயருள்ள நாய் ஒன்றும் அந்தப் பக்கம் போயிருக்கிறது. ரோமாபுரித் தெருவில் பசியோடு திரிந்த ஒரு சின்னஞ்சிறு ஃபாக்ஸ் டெரியர் குட்டியை உம்பெர்த்தோ நோபிலே என்ற விமானப் பொறியாளர் எடுத்து வளர்த்தார். பெயர் தித்தீனா. 1926 மே மாதம் அவர் ஓட்டிய 'நார்கே' வான்கப்பல் வட துருவத்துக்கு மேலே பறந்து அலாஸ்காவின் டெல்லர் என்ற சிற்றூரில் இறங்கியது. அது நோமுக்குப் பக்கத்து ஊர், ஹஸ்கிகளின் சீமை. தித்தீனாவும் கம்பளிச் சட்டையோடு கப்பலுக்குள் இருந்தது. 1928இல் நோபிலேயின் 'இத்தாலியா' வான்கப்பல் பனியில் விழுந்து நொறுங்கியபோதும் உயிர் பிழைத்தது. மீட்பு விமானத்தில் எஜமானோடு சேர்ந்து வெளியே வந்தது. அந்தச் சிறு நாய் பனிச்சீமைக்குப் போனது சில வாரங்களுக்கு. சட்டை இருந்தது, ஆள் துணை இருந்தது. அதன் பிறகு அது ரோமாபுரிக்குத் திரும்பிவிட்டது.

நம் ஊருக்கு வரும் ஹஸ்கிக்குத் திரும்பும் பயணம் கிடையாது. என் மனம் தங்கியிருப்பது இந்த இடத்தில்தான். பெயருக்கு ரோமம் இல்லை, ரத்தம் இல்லை. வெனிஸிலிருந்து பிராக்டனுக்கும் பிராக்டனிலிருந்து கச்சிராயபாளையத்துக்கும் அது வலியில்லாமல் வரும். உடம்பு அப்படி வராது. ஹஸ்கிக்கு இரண்டு அடுக்கு ரோமம். உள்ளே நெருக்கமான பஞ்சு, வெளியே நீண்ட முடி. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரியிலும் பனிக்குள் சுருண்டு தூங்குவதற்காக அமைந்த உடம்பு அது. நாய்க்கு மனிதனைப் போல மேலெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் அதுவும் பலிக்காது. மேயில் கள்ளக்குறிச்சியில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101இலிருந்து 102.5 வரை. 106ஐத் தொட்டால் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கும். அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று பாருங்கள்.

மலையில் குளிருமே, கல்வராயனில் வளர்க்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. மார்கழியில் குளிரும்தான். ஆனால் வெள்ளிமலைக் குளிர் மனிதன் போர்வை தேடும் குளிர். ஹஸ்கிக்கு அது கோடை. அங்கே வேறு சிக்கலும் உண்டு. ஹஸ்கி கட்டவிழ்ந்தால் மைல் கணக்கில் ஓடும். கோழி, ஆடு என்று சிறு உயிரைக் கண்டால் துரத்தும். மலையாளிப் பழங்குடி மக்கள் ஆடும் கோழியும் வைத்துப் பிழைக்கும் ஊர்களில் அது பகையைத்தான் கொண்டுவரும். காவலுக்கும் ஆகாது, புதிய ஆளைக் கண்டால் குரைப்பதைவிட ஊளையிட்டு வாலாட்டுவதுதான் அதன் குணம். சாமைக் காட்டில் பன்றி வந்தால் எழுந்து நிற்கும் நாட்டு நாயின் வேலையை அது ஒருநாளும் செய்யாது.

இந்த ஹஸ்கி மோகம் எங்கிருந்து பரவியது என்றால், ஓநாய்கள் வரும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரைச் சொல்வார்கள். அதைப் பார்த்து வாங்கிவிட்டு வளர்க்க முடியாமல் கைவிடப்பட்ட ஹஸ்கிகள் பெருகிப்போனதால், அந்தத் தொடரின் நடிகர் பீட்டர் டிங்க்ளேஜ் 2017இல் வாங்க வேண்டாம் என்று வெளிப்படையாக வேண்டுகோள் விடுத்தார். இந்திய அரசு 2016இலேயே வணிக இனப்பெருக்கத்துக்காக நாய்களை இறக்குமதி செய்வதைத் தடுத்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று சில வெளிநாட்டு இனங்களைப் பட்டியலிட்டு, அவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. அந்தப் பட்டியலில் சைபீரியன் ஹஸ்கி இருந்தது. அதே கொள்கை ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை இனங்களை ஊக்குவிக்கச் சொன்னது. என் பார்வையில் இது சரியான முடிவு. தாமதமாக வந்த முடிவும்கூட.

நாய்க்குப் பெயர் வைப்பது விளையாட்டான காரியம் என்று இந்த மண் என்றுமே நினைத்ததில்லை. நம் மாவட்டத்துக்கு வடக்கே, திருவண்ணாமலை மாவட்டத்தின் தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த நடுகல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்டது. வில்லும் வாளுமாக அவன் நிற்க, பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கியதோடு விடவில்லை. அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தில் வெட்டி, அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். பெயர் கோவிவன். மன்னன் பெயர் இருக்கும் அதே கல்லில் நாயின் பெயரும் இருக்கிறது. மாடு மீட்கப் போய் மாண்ட எத்தனையோ வீரர்களின் பெயர் நமக்குத் தெரியாது. கோவிவனின் பெயர் 1,400 ஆண்டுகளாக அழியாமல் நிற்கிறது. பெயர் வைத்தவன் நாயைக் காப்பாற்றுவான், நாய் அவனைக் காப்பாற்றும் என்ற உடன்படிக்கை அந்தக் கல்லில் இருப்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த உடன்படிக்கையின் நம் பக்கம் என்ன? ஏற்கெனவே ஹஸ்கி வைத்திருப்பவர்கள் அதை ஒருபோதும் தெருவில் விட்டுவிடாதீர்கள், அது பிழைக்காது. நடை கூட்டிப் போவதைக் காலை வெயில் ஏறும் முன்பும் இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதமும் வேகும். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று மொட்டையடித்துவிடாதீர்கள். அந்த மேல்முடிதான் வெயிலிலிருந்தும் தோலைக் காக்கிறது. தினமும் சீப்புப் போட்டு உதிர்ந்த முடியை எடுத்தால் போதும். மூச்சிரைப்பு நிற்காமல், ஈறு அடர்சிவப்பாகி, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்து, காற்று படும்படி வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். தம்பி வீட்டுக்கும் இதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இனிமேல் வாங்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தாலியப் பெயர் ஆசையாக இருந்தால் தாராளமாக வையுங்கள். ரோக்கோ, பெல்லா, லூக்கா, எதுவானாலும் சரி. ஆனால் அந்தப் பெயரை நம் வெயிலில் பிறந்து, நம் வெயிலில் ஓடக்கூடிய ஒரு குட்டிக்கு வையுங்கள். சிப்பிப்பாறை கிடைக்கும், ராஜபாளையம் கிடைக்கும். இரண்டும் வேண்டாமென்றால் உங்கள் தெருவிலேயே இந்த மாதம் ஒரு தாய் நாய் ஐந்தாறு குட்டி போட்டிருக்கும். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஹஸ்கி மட்டும் வாங்காதீர்கள்.